விசை எந்தப் பக்கம்?

சமையலறை அலுமினியத் தாளிலிருந்து அரை சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நாடா வெட்டிக்கொள்ளுங்கள். வில்லை வடிவ நியோடிமியம் காந்தம் ஒன்றை, வட முனை மேலே பார்க்கும்படி மேசையில் படுக்கவைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு தீப்பெட்டிகளை வையுங்கள். நாடா காந்தத்துக்குச் சற்று மேலே, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் தொய்வுடன் கிடக்கும்படி அதன் நுனிகளைத் தீப்பெட்டிகள்மீது ஒட்டிவிடுங்கள். இனி ஒரு சாதாரண டார்ச் பேட்டரி போதும். நேர்முனை ஒயரை நாடாவின் இட நுனியிலும் எதிர்முனை ஒயரை வல நுனியிலும் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் பேட்டரியும் ஒயரும் சூடாகிவிடும்.

நாடா உங்களைப் பார்த்துத் துள்ளும்.

அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. மின்சாரம் பாயாதவரை நாடா சும்மாதான் கிடந்தது. பாய்ந்ததும் அது காந்தத்தை நோக்கி இறங்கவுமில்லை, காந்தத்திலிருந்து விலகி மேலே எழவுமில்லை, மின்னோட்டம் போன வலப்பக்கமாக நகரவுமில்லை. யாரும் காட்டாத மூன்றாவது திசையில், பக்கவாட்டில் எகிறியது. விசையும் சின்னதல்ல. காந்தப்புலம் 0.1 டெஸ்லா, மின்னோட்டம் 3 ஆம்பியர், புலத்துக்குள் கிடக்கும் நீளம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 0.009 நியூட்டன். நாடாவின் எடையோ சுமார் 0.02 கிராம்தான். அதாவது தன் எடையைப் போல் 40 மடங்குக்கும் மேற்பட்ட விசை அதைத் தள்ளுகிறது.

இப்போது பேட்டரியைத் திருப்பிப் பிடியுங்கள். நாடா உங்களைவிட்டு விலகி அந்தப் பக்கம் பாயும். பேட்டரியைப் பழையபடி வைத்துக் காந்தத்தைக் கவிழ்த்துப் போட்டாலும் அதேதான் நடக்கும். பேட்டரி, காந்தம் இரண்டையும் ஒருசேரத் திருப்பினால் மறுபடி உங்கள் பக்கமே வரும். ஒன்றை மாற்றினால் திசை மாறும். இரண்டையும் மாற்றினால் மாறாது.

இந்தக் கடைசி வரியின் பலத்தில்தான் வீட்டு மிக்ஸி ஓடுகிறது. அதன் மோட்டாருக்குள் நிலைக்காந்தம் கிடையாது. புலத்தை உண்டாக்கும் சுருளும் சுழலும் சுருளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஆனால் இரண்டு சுருள்களிலும் அது ஒரே கணத்தில் மாறுவதால் விசையின் திசை மாறுவதில்லை. பிளேடு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காயில் கட்டுபவர் இரண்டு சுருள்களில் ஒன்றின் முனைகளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

பக்கவாட்டில் ஒரு விசை

1820-க்கு முன் இயற்பியலுக்குத் தெரிந்திருந்த விசைகள் நேர்க்கோட்டு விசைகள். பூமி நிலவை இழுக்கிறது என்றால் இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டில் இழுக்கிறது. மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளினாலும் காந்த முனைகள் ஒன்றையொன்று ஈர்த்தாலும் அப்படித்தான். அந்த ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே இருந்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஜூலை 21 அன்று லத்தீனில் 4 பக்க அறிக்கை ஒன்றை அச்சிட்டு ஐரோப்பாவின் அறிஞர்களுக்கு அனுப்பினார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பது அதில் பாதிச் செய்தி. ஊசி கம்பியை நோக்கியும் வரவில்லை, கம்பியை விட்டு விலகவும் இல்லை, கம்பிக்குக் குறுக்காக நிற்கப் பார்த்தது என்பது மற்றப் பாதி. கம்பியைச் சுற்றி ஏதோ வட்டமாக இருக்கிறது என்று ஆயர்ஸ்டெட் சரியாகவே ஊகித்தார்.

செய்தி செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் அறிவியல் கழகத்தை எட்டியது. அங்கே ஆந்த்ரே-மரி ஆம்பியர் அடுத்த சில வாரங்கள் வேறெதையும் நினைக்கவில்லை. ஊசி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல அவர் முதலில் கையை அல்ல, முழு மனிதனையே பயன்படுத்தினார். மின்னோட்டம் போகும் திசையில் ஒருவன் கம்பியோடு நீந்துகிறான், முகம் ஊசியைப் பார்த்திருக்கிறது. ஊசியின் வட முனை அவனது இடக்கைப் பக்கம் ஒதுங்கும். பல பத்தாண்டுகளுக்கு மாணவர்கள் இந்த நீச்சல்காரனை வைத்தே கணக்குப் போட்டார்கள்.

ஊசியைக் கம்பி தள்ளினால், பதிலுக்குக் கம்பியையும் காந்தம் தள்ளியாக வேண்டும். 1821 செப்டம்பரில் லண்டன் ராயல் நிறுவனத்தில், 29 வயது மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவே ஒரு காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு அதன் நுனியைப் பாதரசத்தில் நனையவிட்டார். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தை வலம்வரத் தொடங்கியது. விசை எப்போதும் பக்கவாட்டிலேயே தள்ளினால் முடிவு சுற்றுவதுதான். உலகின் முதல் மின்மோட்டார் அது.

மூன்று விரல்

ஃபாரடேக்கு 60 ஆண்டுகள் கழித்து மோட்டாரும் டைனமோவும் தொழிற்சாலைக்கு வந்துவிட்டன. அவற்றை வடிவமைப்பவருக்குத் திசை என்பது அன்றாடக் கேள்வி ஆனது. 1885-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியரான ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங், மாணவர்கள் குழம்பாமலிருக்க விரல்களைக் கொண்டு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். 1904-இல் முதல் வெற்றிடக் குழாய் டயோடை உருவாக்கியவரும் இவரே. ஆனாலும் உலகெங்கும் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் ஒலிப்பது அந்த விரல்களால்தான்.

இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரல் புலத்தைச் சுட்டும். நடுவிரலில் மின்னோட்டம் நடக்கும். பெருவிரல், கம்பி பெயரும் பக்கத்தைக் காட்டும். ‘சுட்டு சுட்டும், நடு நடக்கும், பெரு பெயரும்’ என்று வைத்துக்கொண்டால் விரல் மாறாது.

நாடாவில் சோதித்துப் பாருங்கள். காந்தத்தின் வட முனை மேலே இருப்பதால் அதற்கு நேர் மேலே புலம் மேல்நோக்கியது. சுட்டுவிரல் கூரையைப் பார்க்கட்டும். மின்னோட்டம் இடமிருந்து வலம். கையை அப்படியே சுழற்றி நடுவிரலை வலப்பக்கம் கொண்டுவாருங்கள். பெருவிரல் உங்கள் மார்பைக் காட்டும். நாடா துள்ளிய பக்கம் அதுதான்.

தவறு நேரும் இடங்கள் மூன்று நான்குதான். புலம் காந்தத்துக்கு வெளியே வட முனையிலிருந்து தென் முனைக்குப் போவதாகக் கொள்ள வேண்டும். மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போவதாகக் கொள்ள வேண்டும். எலக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையில் போகின்றன என்பது இங்கே கணக்கில் வராது. மின்னோட்டமும் புலமும் ஒரே கோட்டில் இருந்தால் விசையே கிடையாது. அப்போது விரலை வளைத்துப் பயனில்லை. இரண்டும் சாய்வாக இருந்தால், மின்னோட்டத்தில் புலத்துக்குச் செங்குத்தான பகுதி மட்டுமே வேலை செய்யும். 30 டிகிரிக் கோணத்தில் விசை பாதியாகிவிடும். ஆனால் திசை மட்டும் எப்போதும் இரண்டுக்கும் செங்குத்துதான்.

கல்லூரிக்குப் போனதும் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். அங்கே வெக்டர் பெருக்கல் என்ற பெயரில் வலக்கையை நீட்டச் சொல்வார்கள். பள்ளியில் படித்தது பொய்யா? இல்லை. வலக்கையில் சுட்டுவிரலை மின்னோட்டத்துக்கும் நடுவிரலைப் புலத்துக்கும் கொடுத்துவிட்டுப் பெருவிரலைப் பாருங்கள்; அதே விடை வரும். இரண்டு விரல்கள் வேலையை மாற்றிக்கொண்டால் கையும் மாறுகிறது, அவ்வளவே. எந்த விரலுக்கு எந்த வேலை என்பது நாம் வகுத்துக்கொண்டதுதான் என்பதற்கு இதுவே முதல் தடயம்.

விரலே வேண்டாம் என்பவருக்குப் புலக்கோடுகளின் வழி இருக்கிறது. மின்னோட்டம் பாயும் கம்பி தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு புலத்தை உண்டாக்குகிறது. நாடாவுக்கு அந்தப் பக்கம் இந்த வட்டப் புலம் மேல்நோக்கி எழுந்து, காந்தத்தின் புலத்தோடு சேர்ந்து அதை வலுவாக்குகிறது. உங்கள் பக்கமோ அது கீழ்நோக்கி இறங்கி, காந்தத்தின் புலத்தைக் கொஞ்சம் கழித்துவிடுகிறது. கோடுகள் நெருக்கியடிக்கும் பக்கத்திலிருந்து விலகியிருக்கும் பக்கத்துக்குக் கம்பி தள்ளப்படுகிறது. ஃபாரடே கண்ணுக்குப் படும்படி வரைந்து பழகிய முறை இது. மின்பொறியாளர்கள் இன்றும் மோட்டாரை இப்படித்தான் மனத்தில் பார்க்கிறார்கள்.

இரண்டு கை எதற்கு?

மோட்டாருக்கு இடக்கை, ஜெனரேட்டருக்கு வலக்கை என்பது பாடம். எதற்கு எது என்று மறந்துபோவது வழக்கம். உண்மையில் இடக்கை ஒன்றே போதும். புலத்துக்குள் ஒரு கம்பியைக் கையால் இழுக்கிறீர்கள் என்றால், அதிலுள்ள மின்துகள்களையும் கூடவே இழுக்கிறீர்கள். நகரும் மின்துகள் என்பதும் மின்னோட்டம்தான். ஆகவே கம்பி போகும் திசையில் நடுவிரலை நீட்டுங்கள். சுட்டுவிரல் வழக்கம்போலப் புலத்துக்கு. இப்போது பெருவிரல் கம்பியின் நீளவாக்கில் விழும். அந்தப் பக்கம்தான் நேர்மின்னூட்டம் தள்ளப்படும். அதுவே தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் திசை. ஃபிளெமிங்கின் வலக்கை சொல்லும் விடையும் இதுதான்.

ஆட்டம் இத்தோடு முடியவில்லை. இப்படி உண்டான மின்னோட்டத்தின் திசைக்கு நடுவிரலைக் கொண்டுபோய் மறுபடி பெருவிரலைப் பாருங்கள். நீங்கள் கம்பியை எந்தப் பக்கம் இழுத்தீர்களோ அதற்கு நேர் எதிரே காட்டும். மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் கம்பி இழுப்பவரை எதிர்க்கிறது. 1834-இல் ஹைன்ரிக் லென்ஸ் வகுத்த விதி இது. மின்சார ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி தானாக வேகம் குறைந்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்புகிறதே, அங்கே நடப்பது இந்த இரண்டாவது பெருவிரலின் வேலை. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரம், ஒரே விதி.

காந்தத்தைக் கழற்றிப் பார்த்தால்

இனி அடிப்படைக் கேள்வி. இயற்கைக்கு இடக்கை எது, வலக்கை எது என்று எப்படித் தெரியும்? விண்ணிலிருந்து விழும் கல் கையைக் கேட்டு விழுவதில்லை. இந்த ஒரு விசைக்கு மட்டும் ஏன் கை தேவைப்படுகிறது?

இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இதை ஓர் அறிவதிர்ச்சியாகவே எழுதியிருக்கிறார். ஒரு கம்பி, அதற்கு நேர் கீழே, அதற்கு இணையாக ஒரு காந்த ஊசி. இரண்டையும் உள்ளடக்கிய செங்குத்துத் தளத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்கின்றன. அப்படியானால் ஊசி இடப்பக்கம் திரும்ப ஒரு காரணம் இருந்தால் வலப்பக்கம் திரும்பவும் அதே அளவு காரணம் இருக்கிறது. எந்தப் பக்கமும் திரும்பாமல் நிற்பதே நியாயம். ஆனால் திரும்புகிறது, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக.

விடை ஆம்பியரிடம் இருந்தது. ஆயர்ஸ்டெட்டின் செய்தி வந்த சில நாட்களிலேயே அவர் காந்தத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டிலும் மின்னோட்டம் ஒரே திசையில் போனால் கம்பிகள் ஈர்த்துக்கொண்டன. எதிரெதிராகப் போனால் விலகின. இதைச் சொல்லக் கை வேண்டியதில்லை. வட முனை, தென் முனை வேண்டியதில்லை. நேர்மின், எதிர்மின் என்ற பெயர்கூட வேண்டியதில்லை. இரண்டு ஓட்டமும் சேர்ந்து போகிறதா, எதிர்த்துப் போகிறதா என்று தெரிந்தால் போதும். அவ்வளவு தூய்மையான உண்மை என்பதால்தானோ என்னவோ, 1948 முதல் 2019 வரை ஆம்பியர் என்ற அலகையே இதைக் கொண்டு வரையறுத்திருந்தார்கள்: வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரு நீண்ட கம்பிகள், மீட்டருக்கு 2×10⁻⁷ நியூட்டன் விசையில் ஈர்த்தால் ஒவ்வொன்றிலும் பாய்வது ஓர் ஆம்பியர்.

ஆம்பியரின் அடுத்த ஊகம் இன்னும் துணிச்சலானது. காந்தம் என்பதே உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் மின்னோட்டங்களின் தொகுப்பு என்றார் அவர். இரும்பின் காந்தத்தன்மை பெரும்பாலும் எலக்ட்ரான்களின் சுழற்பண்பிலிருந்து வருகிறது என்று இன்று தெரியும். ஆனாலும் வெளியே நின்று பார்ப்பவருக்கு வில்லைக் காந்தம், தன் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு வளைய மின்னோட்டத்துக்குச் சமம். வட முனையை நேரே பார்த்தால் அந்த ஓட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

இதை வைத்துக்கொண்டு நாடாவுக்குத் திரும்புவோம். காந்தத்தின் வட முனை மேலே இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வளைய ஓட்டம் எதிர்ச்சுற்றாகப் போகிறது. அப்படியானால் உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பில் ஓட்டம் இடமிருந்து வலம். தூரத்து விளிம்பில் வலமிருந்து இடம். நாடாவில் ஓட்டம் இடமிருந்து வலம். அருகு விளிம்பு அதனோடு சேர்ந்து போவதால் ஈர்க்கிறது. தூரத்து விளிம்பு எதிர்த்துப் போவதால் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து நாடாவை உங்கள் பக்கம் அனுப்புகின்றன. ஒரு விரலைக்கூட நீட்டாமல் அதே விடைக்கு வந்துவிட்டோம்.

அப்படியானால் இடக்கை எங்கிருந்து வந்தது? வளைய ஓட்டத்தை அப்படியே சொல்லாமல் அதற்குப் பதிலாக ஓர் அம்பை வரைந்தோம். ஓட்டம் இப்படிச் சுற்றினால் அம்பு மேலே என்று தீர்மானிக்க ஒரு கையைப் பயன்படுத்தினோம். அந்த அம்புக்குக் காந்தப்புலம் என்று பெயர் வைத்தோம். பிறகு அம்பிலிருந்து விசைக்கு வர மறுபடி ஒரு கையைப் பயன்படுத்துகிறோம். போகும்போது பணத்தை டாலராக மாற்றி, வரும்போது ரூபாயாக மாற்றுவதைப் போன்றது இது. ஊரில் செலவழித்தது என்னவோ ரூபாய்தான். உலகம் முழுவதும் புலத்தின் அம்பைத் தலைகீழாக வரைய நாளைக்கே முடிவெடுத்தால், ஃபிளெமிங்கின் மோட்டார் விதி வலக்கைக்கு மாறிவிடும். ஒரு மோட்டார்கூடத் திசை மாறிச் சுற்றாது.

மாக்கின் அதிர்ச்சிக்கும் இதில் விடை இருக்கிறது. ஊசியை வெறும் அம்பாகப் பார்த்தால்தான் அது இரு பக்கமும் சமமாகத் தெரிகிறது. உள்ளே சுற்றும் ஓட்டத்தைப் பார்த்தால் அது சமமில்லை. கம்பியை நோக்கிய மேல்பக்கத்தில் ஓட்டம் இடமிருந்து வலமாகக் கடந்தால், கண்ணாடியில் அது வலமிருந்து இடமாகக் கடக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு ஊசிக்குள்ளேயே இருந்தது. நம் கண்ணுக்குத்தான் படவில்லை. நாடாச் சோதனையின் வலப்பக்கத்தில் ஒரு முகக்கண்ணாடியை நிறுத்திப் பார்த்தாலும் இதே கதைதான். பிம்பத்தில் மின்னோட்டம் வலமிருந்து இடம் போகிறது, வட முனை மேலேதான் இருக்கிறது, நாடா உங்கள் பக்கமே துள்ளுகிறது. இடக்கை விதி பொய்த்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் பிம்பக் காந்தத்தின் வளைய ஓட்டம் கடிகாரச் சுற்றாக மாறியிருக்கும். அதன் மேல்முகம் உண்மையில் தென் முனை. கண்ணாடிக்குள் நடப்பதும் இயற்கையில் நடக்கக்கூடியதே. மின்காந்தவியலுக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

பக்கம் சொல்லும் செய்தி

கை நம்முடையது என்றால் திசையைக் கண்டுபிடிப்பது வெறும் தேர்வுப் பயிற்சியா? இல்லை. ஒரு கையை ஏற்றுக்கொண்டு அதை மாற்றாமல் பிடித்துக்கொண்டால், விசை எந்தப் பக்கம் போகிறது என்பது வேறு எந்த வழியிலும் எளிதில் தெரியாத விஷயங்களைச் சொல்லிவிடும்.

நாடாவில் ஓடுவது நேர்மின் துகளா, எதிர்மின் துகளா? நாடா துள்ளும் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேர்மின் துகள் வலப்பக்கம் போனால் விசை உங்கள் பக்கம். எதிர்மின் துகள் இடப்பக்கம் போனால், மின்னூட்டமும் ஓடும் திசையும் இரண்டுமே மாறியிருப்பதால் விசை அப்போதும் உங்கள் பக்கமே. எது ஓடினாலும் அது ஒரே விளிம்புக்குத்தான் ஒதுக்கப்படுகிறது.

ஒதுங்கும் விளிம்பு ஒன்றுதான். ஆனால் அங்கே சேரும் மின்னூட்டம் ஒன்றல்ல. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், 1879-இல் இதைத்தான் பிடித்தார். காந்த விசை கடத்தியின்மீது செயல்படுகிறதே தவிர அதில் ஓடும் மின்னோட்டத்தின்மீது அல்ல என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்ததை ஹாலால் ஏற்க முடியவில்லை. மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, காந்தத்தின் நடுவே வைத்து, தகட்டின் இரு விளிம்புகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். விளிம்பு நேர்மின்னாகிறதா, எதிர்மின்னாகிறதா என்று பார்த்தால் உள்ளே ஓடுவது எது என்று தெரிந்துவிடும். ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் காண்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த சோதனை இது. தங்கமும் செம்பும் எதிர்பார்த்தபடி எதிர்மின் பக்கம் நின்றன. துத்தநாகம் போன்ற சில உலோகங்களோ நேர்மின் துகள் ஓடுவதைப் போலக் காட்டி இயற்பியலாளர்களைத் திணறடித்தன. குவாண்டம் கோட்பாடு வந்த பிறகே அந்தப் புதிர் அவிழ்ந்தது. இன்று ஹால் உணரி இல்லாத மின்சார ஸ்கூட்டரைக் காண்பது அரிது. பல கைபேசிகளின் திசைகாட்டியும் அதே விளைவில்தான் இயங்குகிறது.

இதைவிடப் பெரிய அளவில் இதே கேள்வியைப் பூமியின் காந்தப்புலத்திடம் கேட்டார்கள். தென்னிந்தியாவின் கோடியில், திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் அருகே காந்த நடுக்கோடு கடந்து போகிறது. அங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் கீழே சாயாமல் ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு பார்த்து நிற்கும். 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இந்தக் கோடே காரணம். இடக்கையை அங்கே நீட்டிப் பாருங்கள். சுட்டுவிரல் வடக்கே. மின்னோட்டம் கிழக்கே போனால் விசை மேல்நோக்கி. மேற்கே போனால் கீழ்நோக்கி. அளவுதான் கொஞ்சம். புலம் சுமார் 4×10⁻⁵ டெஸ்லா என்பதால், 100 ஆம்பியர் பாயும் கம்பிக்குக்கூட மீட்டருக்கு அரை கிராம் எடைக்கும் குறைவான விசைதான்.

மின்னோட்டம் வானத்திலிருந்து கீழே இறங்கினால்? விசை கிழக்குப் பக்கம். இந்த ஒரு வரியில் காஸ்மிக் கதிர்களின் ரகசியம் இருந்தது. 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, விண்வெளியிலிருந்து ஏதோ கதிர்வீச்சு வருவதைக் கண்டறிந்தார். அது ஒளியைப் போன்ற மின்னூட்டமற்ற கதிரா, மின்துகள்களின் மழையா என்று 20 ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 1930-இல் இத்தாலியரான புரூனோ ரோஸி ஒரு சோதனையைச் சொன்னார். வருபவை நேர்மின் துகள்கள் என்றால், பூமியின் புலம் அவற்றைக் கிழக்கே வளைக்கும். ஆகவே மேற்கு வானிலிருந்து அதிகம் வருவதாகத் தெரியும். எதிர்மின் துகள்கள் என்றால் கிழக்கு வானிலிருந்து. மின்னூட்டமே இல்லையென்றால் இரண்டு பக்கமும் சமம். 1933-இல் மெக்சிகோ நகரில் தாமஸ் ஜான்சனும், ஆர்தர் காம்டன் அனுப்பிவைத்த இளம் லூயிஸ் அல்வாரெஸும் எண்ணிப் பார்த்தார்கள். எரித்ரியாவின் அஸ்மாராவில் ரோஸியும் எண்ணினார். எங்கும் மேற்கே அதிகம். விண்வெளியிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை நேர்மின் துகள்கள் என்று முடிவானது. அவை பெரும்பாலும் புரோட்டான்கள் என்பது பின்னர் உறுதிப்பட்டது. கீழே இறங்கும் துகள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்ற பள்ளிக்கூடக் கேள்விதான் அது. விடைத்தாள் மட்டும் வானத்தின் அளவில் இருந்தது.

கை உண்மையாகும் இடம்

‘இடம்’ என்றால் எந்தப் பக்கம் என்று, நம்மைப் பார்த்தறியாத வேற்றுக்கிரகவாசி ஒருவருக்கு வானொலியில் வெறும் சொற்களால் விளக்க முடியுமா? மார்ட்டின் கார்ட்னர் 1964-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக அலசிய புதிர் இது. மோட்டாரைச் செய்யச் சொல்லலாமே, நாடா துள்ளும் பக்கத்தைக் காட்டலாமே என்று முதலில் தோன்றும். பலிக்காது. வட முனை எது என்று அவருக்குச் சொல்ல வளைய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். அது இடச்சுற்றா வலச்சுற்றா என்று சொல்ல அவருக்கு முதலில் இடம், வலம் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய மோட்டாரும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே விதிப்படி ஓடுவதால், எத்தனை மோட்டார் செய்தாலும் அவரால் நம் இடக்கையைக் கண்டுபிடிக்க முடியாது.

1956 வரை இயற்கை முழுவதுமே இப்படித்தான் என்று நம்பினார்கள். அந்த ஆண்டு டி. டி. லீயும் சி. என். யாங்கும், பீட்டாக் கதிரியக்கத்தை ஆளும் வலுவற்ற விசையில் இதை யாரும் சோதித்ததே இல்லை என்று சுட்டிக்காட்டினார்கள். சியென்-ஷியுங் வூ சோதித்தார். வாஷிங்டனில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கோபால்ட்-60 அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ நூறில் ஒரு கெல்வின் வரை குளிரவைத்து, காந்தப்புலத்தால் அணுக்கருக்களை ஒரே பக்கம் சுழலும்படி அணிவகுக்கச் செய்தார். அவற்றிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்கள் சுழற்சி அச்சின் இரு முனைகளிலும் சமமாக வர வேண்டும். வரவில்லை. சுழற்சியை வலக்கை விரல்களால் மடக்கிப் பிடித்தால், பெருவிரல் காட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே அதிகம் வந்தன. புலத்தைத் தந்த சுருளின் மின்னோட்டத்தைத் திருப்பினால் அவையும் பக்கம் மாறின. 1957 ஜனவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது. லீயும் யாங்கும் அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள், வூ பெறவில்லை.

இங்கே புலத்தின் அம்பைத் திருப்பி வரைந்து தப்பிக்க முடியாது. சுழற்சி ஒரு பக்கம், எலக்ட்ரான் ஒரு பக்கம். இரண்டுமே கண்ணால் காணக்கூடிய நிகழ்வுகள். இவற்றின் கண்ணாடிப் பிம்பம் இயற்கையில் நடப்பதில்லை. நம்மைப் போன்ற பருப்பொருளால் ஆன வேற்றுக்கிரகவாசி என்றால், கோபால்ட்டைக் குளிரவைத்துப் பார்க்கச் சொல்லி அவருக்கு இடக்கையைக் காட்டிக்கொடுத்துவிடலாம். அதன் பிறகு ஃபிளெமிங்கின் விதியை எத்தனை முறை வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம். கேட்பவர் சரியான கையைத்தான் நீட்டுவார்.